கைப்பிடிக் கொழுந்து

கொட்டாஞ்சேனை,
கொழும்பு,
11 பெப்ரவரி 1979

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். அறையில் இருக்கிற மற்ற மூன்று பேரும் படம் பார்க்கப் போய்விட்டார்கள், அதனால்தான் இந்த மேசை இன்று எனக்குக் கிடைத்தது. உன் வலக்கை விரல் இரண்டும் இப்போதாவது மடங்குகின்றனவா? மலையில் தண்ணீர்க் கானில் வழுக்கி விழுந்து எத்தனை மாதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்டினால் வேலைக்கு ஏலாதவள் என்று எழுதிச் செக்ரோல் பதிவேட்டில் பேரை வெட்டிவிடுவார்கள், பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று நீ பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆகையால் காட்டச் சொல்லி வற்புறுத்த மாட்டேன்.

இப்போது என் செய்தி. தோட்டங்களின் தலைமை ஆபீசில் இவ்வளவு நாளும் கொம்பியூட்டருக்கான அட்டையில் துளை போட்டுக்கொண்டுதானே கிடந்தேன். இந்த மாதம் பின்னேர வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். 'முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும்' என்று பாடத்துக்குப் பெயர். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் விசயம் லேசானது. ஒரு வேலையைக் கொம்பியூட்டரிடம் கொடுக்க வேண்டுமென்றால் எடுத்த எடுப்பில் கொடுத்துவிட முடியாது. முதலில் அந்த வேலை இன்றைக்கு எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்த்து, செய்கிறவர்களைக் கேட்க வேண்டும். கேட்டதைப் பிரித்துப் படமாக வரைந்து, எங்கே கோளாறு என்று காண வேண்டும். அதற்குப் பிறகுதான் புது முறையை வடிவமைப்பது, எழுதுவது, சோதிப்பது, கொண்டுபோய் நிறுவுவது, கடைசியில் பழுது பார்த்துப் பராமரிப்பது எல்லாம். எங்களுக்குப் படிப்பிக்கிற றோலண்ட் சேர்தான் ஆபீசின் கொம்பியூட்டர் பகுதிக்கும் தலைவர். முதல் படியில் கேட்காமல் விட்ட ஒரு சின்ன விசயம் கடைசிப் படியில் வீட்டையே இடித்துக் கட்ட வைக்கும் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறார்.

பாஸ் பண்ண வேண்டுமென்றால் ஆளுக்கொரு வேலையை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஒருவன் வங்கியை எடுத்திருக்கிறான், ஒருவன் துறைமுகக் களஞ்சியத்தை எடுத்திருக்கிறான். நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வேலையை எடுத்தேன். லயத்தில் பிறந்தவன் என்று இங்கே யாருக்கும் தெரியாது, ஹட்டன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். எடுத்த பிறகுதான் அந்த வேலை எனக்கே தெரியாது என்பது உறைத்தது. நீ வேலைக்குப் போகையில் என்னை விட்டுப்போன பிள்ளைக் காம்பராவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து ஹட்டன் போர்டிங்குக்கும் அனுப்பினாயே தவிர, மலைப்பக்கம் நீ என்னை விட்டதே இல்லை.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும். கொழுந்து கூடையில் விழுவதிலிருந்து செக்ரோலில் பேர் விழுகிற வரைக்கும் யார் யார் என்னென்ன செய்கிறார்கள்? சட்டப்படி நடக்க வேண்டியது வேண்டாம், நிசமாக நடப்பதைச் சொல். அற்பம் என்று எதையும் விட்டுவிடாதே.

பாஸ் பண்ணினால் பகுப்பாய்வாளர் வேலை கிடைக்கும். தனி அறை எடுத்து உன்னைக் கூட்டி வந்துவிடுவேன். அதுவரைக்கும் உன் பேர் செக்ரோலில் நின்றால் போதும்.

உன் தம்பி,
இக்னேசியஸ்


ஊசிப்பாறைத் தோட்டம், லிந்துலை,
4 மார்ச் 1979

இன்னாசிக்கு,

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போனானாம். கொழுந்துக்கும் முத்தலுக்கும் வித்தியாசம் தெரியாத நீ கொழுந்து நிறுக்கிறதுக்குப் படம் வரையப் போகிறாயா? பூரணியிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கு மலை முழுக்க அதுதான் பேச்சாக இருந்திருக்கும். பூரணியை ஞாபகம் இருக்கிறதா? சின்னதில் உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள். இப்போதும் மலையில் எனக்குப் பக்கத்துத் தேயிலை நிரை அவளுடையதுதான்.

சரி, எழுதிக்கொள். விடிய முன்னமே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. கங்காணி வீரய்யா ஆளுக்கு ஒரு நிரை காட்டுவார். கூடை நிறைந்ததும் மடுவத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொட்டி நிறுப்போம், காலையில் ஒருக்கா, பகலில் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து நிறையைச் சத்தமாகச் சொல்வார். மழை நாளில் தண்ணீருக்கென்று கழிப்பார், வெயில் நாளிலும் பழக்கத்தில் கழிப்பார். அந்த நாளின் அளவு சரியாக இருந்தால் முழுப் பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். பின்னேரம் ஆபீசில் கிளாக்கர் ஐயா அதைச் செக்ரோலில் ஏற்றுவார். அரைப் பேராகவே விழுந்துகொண்டிருந்தால் சின்னதொரை கூப்பிட்டு விசாரிப்பார்.

இனி எங்கேயும் எழுதாததைச் சொல்கிறேன். நிசமாக நடப்பதைக் கேட்டாய் அல்லவா? வயிற்றுப் பிள்ளைக்காரி இருப்பாள், காய்ச்சலோடு வந்தவள் இருப்பாள், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து நிற்கிறவள் இருப்பாள். அவளுக்கு அளவு வராது. மடுவத்துக்கு ஏறுகிற வழியில் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கைப்பிடி கொழுந்தை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். கைப்பிடி போடுவது என்றே அதற்குப் பெயர். யாரும் கேட்கிறதும் இல்லை, போட்டதைத் திருப்பித் தா என்கிறதும் இல்லை. கங்காணி அந்த நேரம் பார்த்து பீடி பற்ற வைக்கத் திரும்பிக்கொள்வார். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்துக்கு இதில் ஒரு இலை நட்டமில்லை, எடுத்தது அத்தனையும் தேயிலை ஸ்டோருக்குத்தான் போகிறது.

விழுந்த நாளிலிருந்து என் கூடையும் அப்படித்தான் நிறைகிறது. இந்தக் கையோடு பாதிக்கு மேல் எனக்கு எடுக்க வராது. மிச்சத்தைப் பூரணியும் அம்மாக்கண்ணுவும் மற்றவர்களும் போடுகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன் ஒருநாள். பூரணி, "ஒந் தம்பி படிச்சு முடிக்கிற மட்டும் போடுறோம். அப்பறம் நீ கொழும்புக்காரி, எங்கள எங்க பாக்கப் போற" என்றாள். நீ சீக்கிரம் படித்து முடி. விரலைப் பற்றிக் கேட்டாய், அது அப்படியே கட்டையாட்டம்தான் இருக்கிறது.

அக்கா,
தெரேசா


கொட்டாஞ்சேனை,
17 யூன் 1979

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதை வைத்துத்தான் முழு அறிக்கையும் எழுதினேன். நேற்று றோலண்ட் சேர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். மற்றவர்கள் எழுதினதெல்லாம் தாமதம், கையெழுத்து விளங்கவில்லை என்கிற மாதிரியான விசயங்கள். நான் எழுதினது அப்படியில்லையாம். ஏட்டில் இருக்கிற முறை ஒன்று, நடக்கிற முறை இன்னொன்று, அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கிறவன்தான் பகுப்பாய்வாளன் என்று சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கோட்டுப் போட்டவர்களும் டை கட்டினவர்களும் இருக்கிற வகுப்பு. என் சட்டைக் கொலர் கிழிந்திருந்தது, கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் சந்தோசமாக இருந்தது அக்கா.

அறிக்கையில் 'தற்போதைய முறையின் குறைபாடுகள்' என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். கைப்பிடியை அங்கேதான் வைத்தேன். கொழுந்தை எடுத்தவர் ஒருவர், பேர் வாங்குகிறவர் ஒருவர், ஆகவே தனியாளின் நிறை நம்பத்தக்கதல்ல என்று எழுதினேன். அதற்கு மாற்றாக ஒரு வடிவமைப்பும் கொடுத்தேன். ஆளுக்கொரு நம்பர். மடுவத்தில் கூட்டமாக நிறுக்காமல் நிரை முடிகிற இடத்திலேயே ஒவ்வொரு கூடையாக நிறுத்து, நிறையை அட்டையில் பதிந்து கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அளவு குறைந்த நம்பர்களைக் கொம்பியூட்டரே தனியாக அடித்துக் காட்டும்.

இதெல்லாம் பரீட்சைக்காக எழுதினது, நீ யோசிக்காதே. தோட்டத்தின் பேரும் இல்லை, உன் பேரும் இல்லை. சேர் ஒரு பிரதி கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். நல்ல புள்ளி வரும் என்று நினைக்கிறேன்.

தம்பி,
இக்னேசியஸ்


ஊசிப்பாறை,
1 யூலை 1979

இன்னாசி,

வகுப்பில் உன்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள் என்று படித்தபோது சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் அடுப்பில் ரொட்டி கருகினது கூடத் தெரியவில்லை.

குறைபாடா? குறை என் விரலில் இருக்கிறது. கைப்பிடியில் என்ன குறை கண்டாய்? நீ என்னிடம் கேட்டாய், தம்பி கேட்கிறானே என்று சொன்னேன். யாரிடமும் சொல்லிவிடாதே என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடப் பிறந்தவனிடம் எவள் அப்படி எழுதுவாள்?

பரீட்சைக்கு எழுதினது என்கிறாய். பரீட்சைத் தாளை எதற்கு ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்? அவரிடம் அதைத் திரும்ப வாங்கு. வாங்கி அடுப்பில் போடு. புள்ளி குறைந்தால் குறையட்டும், அடுத்த வருசம் எழுதலாம்.

தெரேசா


கொட்டாஞ்சேனை,
21 ஒக்டோபர் 1979

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்திருப்பாய். நல்லது நடந்தால் எழுதலாம் என்று தள்ளித் தள்ளி வந்தேன். பாஸ் பண்ணிவிட்டேன், வகுப்பில் முதலாவது நான்தான். அதைச் சொல்லவே இப்போது நாக்கு வரவில்லை.

என் அறிக்கையை றோலண்ட் சேர் ஆபீசுக்குக் கொண்டுபோய் மேலே காட்டியிருக்கிறார். மேலே இருக்கிறவர்களுக்கு அது பிடித்துவிட்டது. பரீட்சார்த்தமாகச் சில தோட்டங்களில் நிறுவப் போகிறார்கள். ரோட்டோரமாக இருக்கிற பெரிய தோட்டங்கள் என்று எடுத்ததில் ஊசிப்பாறையும் வந்துவிட்டது. நான் சொல்லி அது வரவில்லை, சத்தியம். என்னை அந்தக் குழுவில் போட்டிருக்கிறார்கள். வேலை நிரந்தரமில்லை, இது சரிவந்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. வடிவமைப்புக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். ஆள் ஆளாக நிறுக்காமல் ஒரு கங்காணியின் கீழ் வேலை செய்கிறவர்களை மொத்தமாக நிறுத்து, மொத்தத்துக்கு ஒரு அளவு வைத்தால் என்ன என்று கேட்டேன். அப்படியானால் கொம்பியூட்டர் எதற்கு, நீங்களே கண்டுபிடித்த ஓட்டையை நீங்களே ஏன் திறந்துவிடப் பார்க்கிறீர்கள் என்று றோலண்ட் சேர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் அக்காவின் விரல் மடங்காது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சும்மா பொதுவாகத் தோன்றியது சேர் என்று சொல்லிவிட்டேன். பிறகு வடிவமைப்புத் தாளைச் சுற்றி அனுப்பினார்கள். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள், நானும் வைத்தேன். அது ஆனபிறகு மாற்றம் கேட்பது லேசில்லை.

இன்னும் சோதனைக் கட்டம் இருக்கிறது. அங்கே மறுபடி சொல்லிப் பார்ப்பேன். இங்கே வந்துவிடு என்று எழுதத்தான் மனம் சொல்கிறது. ஒரு அறையில் நான்கு ஆண்கள் கிடக்கிற இடத்துக்கு உன்னை எப்படிக் கூப்பிடுவது? புது முறை வந்தால் பூரணியைக் கைப்பிடி போட வேண்டாம் என்று சொல். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

இக்னேசியஸ்


ஊசிப்பாறை,
2 மார்ச் 1980

இன்னாசிக்கு,

நீ வரைந்த படம் மலைக்கு வந்து சேர்ந்தது. தகரத்தில் நம்பர் அடித்துக் கழுத்தில் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாக்கண்ணு, மாட்டுக்காவது மணி கட்டுவார்கள் என்றாள். நிறுக்கிறதுக்கு வெளியிலிருந்து புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், நிரை முடிகிற இடத்திலேயே தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முகம் பார்ப்பதில்லை, தகரத்தைத்தான் பார்க்கிறார்கள். கங்காணி வீரய்யாவுக்குத் திரும்பி நின்று பீடி பற்ற வைக்கவும் இப்போது இடமில்லை.

பூரணியிடம் வேண்டாம் என்று சொன்னேன். கேட்கிறவளா அவள்? முதல் நாளே தன் கூடையிலிருந்து அள்ளி என் கூடையில் போட்டாள். நிறுக்கிறவன் பார்த்துவிட்டு, "இது ஒங்க நம்பருக்கா, அவங்க நம்பருக்கா?" என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டு, "கொழுந்து செடியோட நம்பருங்க" என்றாள். அவன் சிரிக்கவில்லை. பின்னேரம் சின்னதொரை இரண்டு பேரையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் நடந்தால் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்றார். பூரணி வீட்டில் வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான், புருசனுக்கு நெஞ்சு நோய். அதோடு நானே அவள் காலைப் பிடிக்காத குறையாக நிறுத்தச் சொன்னேன். மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு அரைப் பேர்தான். விடிய முன்னம் போய், மழைக்குப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக இறங்குகிறேன், அப்படியும் வரவில்லை. இடக்கையால் எடுத்துப் பார்த்தேன், முத்தலும் சேர்ந்து வருகிறது என்று நிறுக்கிறவன் கழித்துவிட்டான். கொழும்பிலிருந்து ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலத் தாள் ஒன்று வருகிறது, அதைப் பெரட்டுக் களத்தில் ஒட்டி வைக்கிறார்கள். அளவு குறைந்த நம்பருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். தாளுக்குத் தாள் நட்சத்திரம் விழுகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதிப்பார்களாம். அந்தத் தாளை அச்சடிப்பது நீதானா?

"இந்த மெசினக் கொண்டாந்தவன் கை வெளங்காமப் போக" என்று பூரணி தினமும் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுகிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். திட்டாமல் நின்றால் என்னைத்தானே பார்ப்பார்கள்? திட்டிவிட்டு, அது பலிக்கக் கூடாதென்று மாதாவிடம் மனதுக்குள் ஒரு மன்றாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

தெரேசா


கொட்டாஞ்சேனை,
20 ஏப்ரல் 1980

அன்புள்ள அக்கா,

ஆமாம், அந்தத் தாள் எங்கள் அறையிலிருந்துதான் வருகிறது. உன் நம்பரை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் தாள் வெளியே வரும்போது அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன், திறந்தால் நட்சத்திரம் இருக்கிறது. உன் அட்டையில் துளையை மாற்றிப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு ஆள் துளைத்த அட்டையை இரண்டாவது ஆள் திரும்பத் துளைத்துச் சரிபார்க்கிறான். பொய்க் கணக்கு நுழையக் கூடாதென்று அந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான்.

சோதனைக் கட்டத்தில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இப்போது பராமரிப்புக் கட்டம். மாற்றம் வேண்டி எழுதிக் கொடுத்தேன். வடிவமைத்தபடியே வேலை செய்கிறது, ஆகவே பழுது எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

ஒரே ஒரு வழி இருக்கிறது. அடுத்த மாதம் மதிப்பீட்டுக்காக றோலண்ட் சேரும் நானும் ஊசிப்பாறைக்கு வருகிறோம். வேலை செய்கிறவர்களையே நிறுத்திக் கேட்போம். அவர்கள் சொல்லும் குறையை எழுதியே ஆக வேண்டும், அது விதி. நீ சொல். நோய்க்காரிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் படுகிற பாட்டை உன் வாயால் சொல். நான் எழுதிக்கொள்கிறேன், அதற்குப் பிறகு யாராலும் தள்ள முடியாது.

இன்னொன்று. எழுதவே கூசுகிறது. என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளாதே. அக்காவுக்காகப் பேசுகிறான் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். நான் எங்கே பிறந்தவன் என்பதும் சேருக்கு இன்னும் தெரியாது. பூரணியிடமும் அப்படியே சொல்லி வை.

இக்னேசியஸ்


கொட்டாஞ்சேனை,
8 யூன் 1980

அக்கா,

ஏன் அப்படிச் சொன்னாய்? தோட்டத்திலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து இதே கேள்விதான்.

நிரை முடிகிற இடத்தில் உங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். றோலண்ட் சேர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்க வேண்டும். உன் முறை வந்தபோது உன் நம்பரைக் கேட்டேன். சொன்னாய். புது முறையில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். நீ என் முகத்தை நேராகப் பார்த்து, "ஒரு கொறையும் இல்லீங்க ஐயா" என்றாய். விளங்காதவன் மாதிரி மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாய். உனக்குப் பிறகு பூரணியும் அதையே சொன்னாள், அம்மாக்கண்ணுவும் அதையே சொன்னாள். கடைசி ஆள் வரைக்கும் ஒரே பதில்.

நீங்கள் சொன்னதைத்தானே நான் எழுத முடியும்? பாவனையாளர்கள், அதாவது நீங்கள், திருப்தி என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இனி மற்றத் தோட்டங்களுக்கும் போகப் போகிறது. என் வேலை நிரந்தரமாகிவிட்டது. அறை பார்க்கிறேன். முன்பணம் சேர இன்னும் கொஞ்ச மாதமாகும், அதுவரைக்கும் எப்படியாவது பொறுத்துக்கொள்.

நான் சொன்னதில் பாதியைச் செய்துவிட்டுப் பாதியை ஏன் விட்டாய்? பதில் போடு.

இக்னேசியஸ்


ஊசிப்பாறை,
13 யூலை 1980

இன்னாசி,

ஏன் என்று கேட்கிறாய். நீ என் முன்னால் நின்றாய், உனக்குப் பின்னால் யார் நின்றார் என்று திரும்பிப் பார்த்தாயா? சின்னதொரை நின்றார், அவர் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஐயா நின்றார். குறை உண்டென்று சொன்னால் என்ன குறை என்று கேட்பார்கள். கைப்பிடியைச் சொன்னால் பூரணி மாட்டுவாள், ஏற்கெனவே அவளுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. விரலைச் சொன்னால் கையை நீட்டு என்பார்கள். அதற்குப் பிறகு நீ என்ன எழுதியிருப்பாய்?

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாதவளாக இரு என்று எழுதியிருந்தாய். இருந்தேன். ஆனால் நீ என் நம்பரைக் கேட்டபோது, இவன் இப்போது அக்கா என்று சொல்லிவிடுவான் என்று ஒரு நிமிசம் நினைத்தேன். சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்கும், சொல்லாததுதான் சரி. இரண்டு பேரில் ஒருவராவது சாப்பிட வேண்டாமா? ஆனாலும் நினைத்தேன். நீ காகிதத்தைப் பார்த்தாய்.

உன் பேச்சைப் பூரணியிடம் நான் சொல்லி வைக்கவில்லை. எப்படிச் சொல்வது? உன்னைக் கண்டதும் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். யாரும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் சொன்னதையே பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். அன்று பின்னேரம் பூரணி என் காம்பராவுக்கு வந்தாள்.

"வந்தது ஒந் தம்பிதானே?" என்றாள்.

"ஆமா."

"நாங்க கைப்பிடி போட்டத அவனுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனாள். அடுத்த நாள் கங்காணியிடம் கேட்டு நிரையை மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு மலையில் யாரும் பேசுவதில்லை. திட்டுகிறதும் இல்லை. நான் கிட்டப் போனால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் பிழை ஒன்றும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என்னோடு சேர்த்து அவர்களையும் கெடுத்தேன். போன கிழமை செல்லசாமி மகள், நிறைமாதக்காரி, அளவுக்காக மழையில் நின்று மயங்கி விழுந்தாள். யாரும் அவளுக்கு ஒரு இலை போட முடியவில்லை.

நட்சத்திரம் நிறைய விழுந்ததென்று என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஐயா விரலை மடக்கிப் பார்த்தார், வலித்தது, கத்தினேன். பேரை வெட்டிவிட்டார்கள். மாத முடிவுக்குள் காம்பராவை விட வேண்டும். மாதா கோயில் சாமியார் வவுனியாப் பக்கம் ஒரு பண்ணையில் ஆட்களுக்குச் சமைத்துப் போடக் கடிதம் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை போகிறேன். இந்த விலாசத்துக்கு எழுதாதே, செக்ரோலில் பேர் இல்லாதவர்களின் கடிதத்தை ஆபீசிலேயே திருப்பிவிடுவார்கள். புது விலாசம் சாமியாரிடம் இருக்கிறது. நீ கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னை வெறுத்து இப்படிச் செய்கிறேன் என்று நினைக்காதே. நான் வளர்த்த பிள்ளை நீ, உன்னை வெறுக்க எனக்கு வராது. நீ கெட்ட எண்ணத்தில் கேட்கவும் இல்லை. ஆனால் உனக்கு ஒன்றைச் சொல்ல இனி எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கே படுக்கிறேன், எதைத் தின்கிறேன் என்று எழுதினால் அது எந்தத் தாளில் போய் நிற்குமோ. அறை பார்க்கிறதை நிறுத்திக்கொள், உனக்கு ஒரு பெண் பார்த்துக் கலியாணம் செய்துகொள்.

போகிற இடத்தில் எனக்கு யாராவது உதவி செய்தால், அதை நான் உனக்கு எழுத மாட்டேன்.

தெரேசா